கருப்புக் கட்டை

பதினைந்து வருடமாக மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். ஊரில் எனக்குப் பெயரே மாஸ்டர்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல், சி மேஜர். அதற்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். பாட்டு எந்தச் சுருதியில் வந்தாலும் கவலையில்லை. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அதை இரண்டு தட்டுத் தட்டினால் நான் சி-யில் வாசிப்பது டி-யில் கேட்கும். இந்தத் தில்லுமுல்லு யாருக்கும் தெரியாது.

இப்பேர்ப்பட்ட ஆளைத்தான் போன மே மாதம் ராயப்பன்பட்டியில் நடந்த இளையோர் இசை முகாமுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். பத்து நாள். ஐம்பது அறுபது பிள்ளைகள். சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். காலை ஜெபம் முடிந்து பாட உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஃபோனை வாங்கி வைத்துவிட்டார்களே என்று ஒருவரும் முனகவில்லை. கீழ்க்குரலில் பாடுகிற பெண்கள், பக்கத்து வரிசை உச்சத்தில் கத்தும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டு தங்கள் மெட்டை விடாமல் பிடித்தார்கள். எங்கள் ஊர்க் குழுவாக இருந்தால் சத்தம் அதிகமான பக்கம் எல்லோரும் சாய்ந்திருப்போம்.

மூன்றாம் நாள் இடைவேளையில் தேவாரம் ஊரிலிருந்து வந்த பிள்ளை ஒன்று, எட்டாம் வகுப்பு, என்னிடம் வந்து நின்றது.

“மாஸ்டர், நீங்க கருப்புக் கட்டையத் தொடவே மாட்டேங்கிறீகளே, ஏன்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “போயி ஒன் எடத்துல ஒக்காரு” என்றேன்.

அது நகரவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டது. “யார்ட்டயும் சொல்ல மாட்டேன். டி மேஜருக்கு ரெண்டே ரெண்டு கருப்புதான் மாஸ்டர். காட்டவா?”

அதன் வீட்டில் கீபோர்டு கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மணி நேரம் தொடக் கிடைப்பதை வைத்துக் கற்றிருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அது காட்டக் காட்ட வாசித்துப் பார்த்தேன். தப்பாகத் தொட்டால் சிரிக்காது. “இன்னொருக்க” என்று மட்டும் சொல்லும். தம்பிக்குச் சைக்கிள் பழக்கியபோது முதுகில் நாலு போட்டவன் நான். அந்தப் பிள்ளைக்கு இருந்த பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. கடைசி நாள் திருப்பலியில் பட்டனைத் தொடாமல் வாசிப்பதாக அதனிடம் வாக்குக் கொடுத்தேன்.

கடைசி நாள் காலை பிள்ளைகளின் அப்பா அம்மாக்களால் கோயில் நிரம்பிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் பயம் வந்து, யாரும் பார்க்காமல் பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். காணிக்கைப் பாட்டு நன்றாகத்தான் போனது. பாதியில் கரண்ட் போய், உடனே இன்வெர்ட்டரில் திரும்பி வந்தது. கீபோர்டு அணைந்து எரிந்தால் ட்ரான்ஸ்போஸ் பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் பாட்டை நிறுத்தவே இல்லை. கூட வாசித்த பிள்ளைகளின் வயலின்கள் டி-யில் போய்க்கொண்டிருந்தன. என் விரல்கள் சி-யில் இருந்தன.

பட்டனை மறுபடி தட்ட இரண்டு நொடி போதும். கை அங்கே போனது. முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை என் கையையே பார்த்தது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை, பாட்டையும் விடவில்லை. நான் கையை இறக்கி டி-யில் வைத்து வாசித்தேன். மூன்று இடத்தில் தப்பு. சட்டை நனைந்துவிட்டது.

பூசை முடிந்ததும் முகாமை நடத்திய ஃபாதர் வந்தார். “என்ன மாஸ்டர், கரண்ட் போனதுல கீபோர்டு கெட்டுப்போச்சா? அங்கங்க பிசிறடிச்சுச்சே.”

நான் ஆமாம் என்று தலையாட்டப் போனேன். அதற்குள் பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை சொன்னது: “கீபோர்டு நல்லாத்தான் இருக்கு ஃபாதர். இன்னைக்கு மாஸ்டரே வாசிச்சாக.”