லொங்குய்யில் ஒரு நோர்வேக்காரர் கட்டிய மண்டபம்

மூன்றாம் ஆண்டு கட்டடக்கலை படிக்கும் என் மகள் யாழினி, படிப்பை நிறுத்திவிட்டுப் பாட்டு எழுதப் போவதாக மே மாதத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அதன் பிறகு வீட்டில் ஒழுங்கான பேச்சே இல்லை. அப்போதுதான் ஓலாவ் என்ற நோர்வேக் கட்டடக் கலைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மனிதர் கட்டடமும் கட்டினார், பாட்டும் எழுதினார். இதைவிட நல்ல ஆயுதம் எனக்குக் கிடைக்குமா? அடுத்த சனிக்கிழமையே அவர் கட்டிய பாட்டு மண்டபத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாங்கள் இருக்கும் அஹுன்ட்சிக்கிலிருந்து மெட்ரோ ரயிலில் வந்து, மஞ்சள் பாதைக்கு மாறினால் ஆற்றுக்கு அடியால் போய் அக்கரையில் லொங்குய்ய். பிறகு பஸ். எல்லாமாக ஒரு மணித்தியாலம். மண்டபம் பத்து மணிக்குத் திறக்கும், நுழைவு இலவசம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கராஜ் மாதிரித்தான் இருக்கும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே சுற்றிக் காட்டும் பெண்மணி பிரெஞ்சில் சொல்ல, யாழினி எனக்குத் தமிழில் சொன்னாள். ஓலாவ் மீன்பிடிக்கும் ஊரொன்றில் பிறந்தவராம். பள்ளிக்கூடங்கள் கட்டிப் பெயரெடுத்தவராம்.

"பேந்து எட்டு வருசம் ஒண்டுமே கட்டேல்லையாம் அப்பா. பாட்டு மட்டுந்தானாம். திரும்பி வந்து கட்டின முதல் கட்டடம் இதாம்."

"நீயாச் சேர்த்துச் சொல்லுறியோ?"

"அப்ப நீங்களே கேளுங்கோ."

விடுவேனா? ஆங்கிலத்தில் கேட்டேன். அதே எட்டு வருடம். கொண்டுபோன ஆயுதம் என் பக்கமே திரும்பிவிட்டது.

அந்தப் பெண்மணி இன்னொன்றும் சொன்னார். கட்டுவதற்கு முன் வெறும் காணியில் நின்று ஓலாவ் பாடுவாராம். இன்னொருவர் கேட்டபடியே பின்னால் நடந்து போய், சொற்கள் விளங்காத இடத்தில் கையைத் தூக்குவாராம். அதற்குச் சற்று முன்னால்தான் பின்சுவர் எழும்புமாம்.

யாழினி மேடையில் ஏறிவிட்டாள். "அப்பா, பின்சுவரடிக்குப் போங்கோ. கேக்காட்டிக் கையைத் தூக்குங்கோ."

மைக் இல்லாமல் பாடினாள். அவளே எழுதிய பாட்டு. வேலைக்குப் போக, விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் ஓர் ஆளைப் பற்றியது. அந்த ஆள் நான்தான். வீட்டில் அறைக் கதவுக்குப் பின்னால் வெறும் முணுமுணுப்பாகக் கேட்ட குரல், இங்கே சொல் சொல்லாக வந்து சேர்ந்தது. கையைத் தூக்க வேலையே இருக்கவில்லை.

"கேட்டதோ?"

"ஓம்."

"அப்ப?"

"எட்டு வருசமெல்லாம் தரேலாது. ரெண்டு வருசம் பாடிப் பார். பேந்து கதைப்பம்."

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறில் பஸ் குறைவு, சனிக்கிழமை போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் கடைகள் இல்லை. தனியாக மட்டும் போகாதீர்கள். வீட்டில் யாரோடு மனஸ்தாபமோ அவரையே கூட்டிப்போய் மேடையில் ஏற்றிவிட்டு, நீங்கள் பின்சுவரடிக்குப் போங்கள்.