கடப்புத் திறந்தால் ஒரு செம்புப் பால்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோட்டுப் பக்கம் போனது ஒரே ஒரு வழக்குக்குத்தான். அந்த வழக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் குளிர்ந்துதான் இருக்கிறது. ஆண்டவர் அந்த நேரம் எனக்குத் தந்த ஆட்கள் அப்படி.

நெடுந்தீவில் எங்கள் காணிக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவில், எனக்கு மைத்துனர் முறையான, என் மனைவியின் ஒன்றுவிட்ட தமையனுடைய காணி கிடக்கிறது. சுற்றிவரக் கல்வேலி. மாரியில் அவர் அங்கே பயிர் வைப்பார். அப்போது வேலியில் ஆளும் மாடும் போய்வர விட்டிருக்கிற கடப்பைக் கல்லடுக்கி மூடிவிடுவார். எங்கள் மாடுகள் கடற்கரையால் சுற்றித்தான் கிணற்றுக்குப் போகும். மாசியில் பயிர் வெட்டு முடிந்ததும் அவரே கல்லை எடுத்துக் கடப்பைத் திறப்பார். என் தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் வெட்டு முடிந்தது, சித்திரையும் வந்தது, கல் மட்டும் எடுபடவில்லை. மனைவி போய்க் கேட்டதற்கு அவர் முகம் கொடுக்கவில்லையாம். சோளகக் காற்றுக் காலம் தொடங்கினால் வெயிலில் மாடுகளைச் சுற்றிக் கொண்டுபோக ஏலாது. இரண்டு கன்றுகள் ஏற்கெனவே மெலிந்து எலும்பு தெரிந்தன. பொலிசில் முறைப்பாடு வைத்தேன், விசயம் கோட்டுக்குப் போனது.

ஊர்காவற்றுறைப் பக்கம் பெயரெடுத்த ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்பிள்ளையைக் காட்டி, இனி இந்த வழக்கை அவதான் பார்ப்பா என்றார். பிள்ளை சட்டத்தரணியாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு நெஞ்சு விழுந்துபோனது. பெரிய லோயரை நம்பிக் கடல் கடந்து வந்தவனைச் சின்ன லோயரிடம் தள்ளிவிட்டாரே என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை கோட்டில் கொடுக்கிற சத்தியக் கடதாசியை எழுதி வைத்துக்கொண்டு எனக்கு வாசித்தது. மடமடவென்று வாசித்தது. ஒவ்வொரு பந்தி முடிவிலும், சரிதானே அண்ணை என்று கேட்கும். நான் ஓம் என்பேன். நானும் என் முன்னோரும் அந்தப் பாதையை வருடம் முழுவதும் ஒரு நாளும் இடைவிடாமல் பாவித்து வந்தோம் என்று ஒரு இடத்தில் வந்தது. அதற்கும் ஓம் என்றேன். படித்த பிள்ளை எழுதியிருக்கிறது, இப்படித்தான் எழுத வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். தீவில் நாங்கள் அப்படித்தான். டொக்டர் கேட்டாலும் ஓம், விதானையார் கேட்டாலும் ஓம். பிறகு சத்தியக் கையெழுத்தை உறுதிப்படுத்துகிற சமாதான நீதவான் வீட்டுக்குப் போய், கடவுள் சாட்சியாக எல்லாம் உண்மை என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வள்ளமேறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழும்பினார்கள். என்னால் எழும்ப முடியவில்லை. மாரி முழுவதும் மூடிக் கிடக்கிற பாதையை ஒரு நாளும் இடைவிடாமல் பாவித்தேன் என்று ஆண்டவரைச் சாட்சிக்கு இழுத்தவன் எந்த வாயால் அவரை வாங்குவது? வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள். சொன்னேன். அவள், “மாடு சுத்திப் போனால் போகட்டும். நாளைக்கு முதல் வள்ளத்தில போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்றாள்.

கடதாசியைக் கோட்டில் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. நான் போய்ச் சொன்னதும் பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. பெரிய லோயர் உள்ளேயிருந்து வந்து நடந்ததைக் கேட்டார். அவர் சத்தம் போடப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் என்னைப் பார்த்து, “பிழை என்ரதான். நான் பாத்து ஓமெண்டு சொன்ன பிறகுதான் உம்மட்ட கையெழுத்து வாங்கினது” என்றார். அந்தக் கடதாசியை என் முன்னாலேயே குறுக்கே கோடிட்டு ஒதுக்கி வைத்தார். பிறகு பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். நடுவில் பலகைத் தடுப்புத்தான், கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் காதில் விழுந்தது.

“இந்த மனுசன் எத்தினை இடத்தில உம்மை மறிச்சவர்?”

“ஒரு இடத்திலயும் இல்லை சேர். எல்லாத்துக்கும் ஓமெண்டவர்.”

“எல்லாத்துக்கும் ஓமெண்டால் அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு அர்த்தம். ‘இடைவிடாமல்’ எண்டதை எங்கயிருந்து எடுத்தனீர்?”

பழைய வழக்கொன்றின் கடதாசியிலிருந்து என்று பிள்ளை மெல்லச் சொன்னது. அவர் சிரித்த மாதிரி இருந்தது. தானும் முதல் வருடம் அப்படி ஒரு கடதாசி எழுதினாராம். வழக்குக்காரனுக்கு இல்லாத ஒரு மாமரத்தை அதில் நட்டுவிட்டாராம். சனிக்கிழமை வள்ளமேறிப் போய்க் காணியைக் காலால் நடந்து பார்த்துவிட்டு எழுதச் சொன்னார்.

நான் துணிந்து, ஐயா, நீங்களே இந்த வழக்கைப் பேசினால் என்ன என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “நான் பேசினால் உமக்கு ஒரு லோயர். அவ பேசினால் ரெண்டு. பின்னால நான் இருப்பன்” என்றார்.

சனிக்கிழமை பிள்ளை வந்திறங்கியபோது முகம் பச்சை. கடல் நல்லாய்ப் புரட்டியிருந்தது. மனைவி தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தாள். தெளிந்ததும் வெயிலென்றும் பாராமல் வேலியோரமாக நடந்தது. கடப்பை அளந்தது. கடற்கரைச் சுற்றுப் பாதையிலும் மாடுகளோடு கிணறு வரைக்கும் நடந்து மணி பார்த்தது. அந்தக் காணிக்காரரோடும் கதைத்துப் பாருங்கோ என்றேன். அவருக்கு வேறு லோயர் இருக்கிறார், நான் கதைக்கப்படாது என்றது.

பிறகு குசினி வாசலில் இருந்துகொண்டு, நாங்கள் யாரும் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டது. கடப்புத் திறக்கிற நாளில் என்ன நடக்கும்? அவர் கல்லெடுப்பார், மாடு போகும் என்றேன். அடுப்படியிலிருந்து மனைவி, “பாலையும் சொல்லுங்கோவன்” என்றாள்.

திறந்த அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு ஒரு செம்புப் பால் கொண்டுபோய்க் கொடுப்போம். இது எழுதுகிற விசயமா என்று நினைத்து நான் அதுவரை சொல்லவில்லை.

“போன வருசமும் குடுத்தனீங்களோ, அண்ணை?”

போன வருடம் கொடுக்கவில்லை. கறவை வற்றிக் கிடந்தது. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு, மாடுகளை மட்டும் கடப்பால் அனுப்பினேன். நான் அதைச் சொல்லி முடித்தபோது மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

பிள்ளை அங்கேயே எழுதியது. எழுதி முடித்து ஆறுதலாக வாசித்துவிட்டு, “இப்ப நான் வாசிச்சதை உங்கட வாயால திருப்பிச் சொல்லுங்கோ. ஓமெண்டு மட்டும் சொன்னால் எடுக்கமாட்டன்” என்றது. பந்தி பந்தியாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் மறித்தேன். மறித்தபோது அதன் முகத்தில் சந்தோசம் வந்தது. மாரியில் மூடுவதும் மாசியில் திறப்பதும் பாலும் எல்லாம் அந்தக் கடதாசியில் இருந்தது. கொடுக்காத பாலும் இருந்தது. சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்யும்போது இந்த முறை ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்திருந்தது.

வழக்குத் தவணையன்று கோட்டில் பிள்ளை எழும்பிப் பேசியது. முதல் இரண்டு வசனமும் நடுங்கின. நடுவில் ஒருதரம் நின்று பின் வரிசை வாங்கைத் திரும்பிப் பார்த்தது. பெரிய லோயர் அங்கே இருந்தார், ஆனால் தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த கடதாசிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பிள்ளை திரும்பி நின்று தானே பேசியது. பிறகு குரல் நிமிர்ந்தது. நான் பால் கொண்டுபோகாததையும் வெட்கத்தையும் ஒளிக்காமல் சொன்னது.

இதைப் பேசித் தீர்க்கலாமா என்று நீதவான் எதிர்ப்பக்கத்தைக் கேட்டார். மைத்துனர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, “பால் இல்லையெண்டால் ஆளாவது வந்திருக்கலாம்” என்றார்.

அதற்கு எந்த லோயராலும் பதில் சொல்ல ஏலாது. நான்தான் கையைக் கூப்பினேன். வெட்டு முடிந்ததிலிருந்து அடுத்த விதைப்பு வரைக்கும் கடப்புத் திறந்திருக்கும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தோம். திரும்பும்போது ஒரே வள்ளம். மைத்துனர் கன்றுகளைப் பற்றிக் கேட்டார். மெலிந்துவிட்டன என்றேன். விடிந்ததும் கல் எடுபட்டிருந்தது. நான் செம்போடு போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு முதல் வரிசையில் எழும்பினேன்.

அடுத்த மாசியில் ஒரு பகல் போன் வந்தது. அந்தப் பிள்ளைதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. “அண்ணை, பால் கொண்டு போனனீங்களோ?”

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நினைவு வந்து, எந்த மாட்டின் பால், எந்தச் செம்பு, மைத்துனர் வீட்டில் யார் வாங்கினார்கள், எனக்கு என்ன தந்தனுப்பினார்கள் என்று முழுதாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது.