பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா

வீடியோ எடுக்கிற தொழிலில் கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையே கிடையாது; கேமரா சுமந்து தோள்பட்டை தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

சும்மா கிடந்த நாற்காலி

அகரம் பக்கம் ஒரு சுகமளிக்கும் ஜெபக் கூட்டம். மேடையைப் படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆள் சேரும்வரை வாசலில் கேமராவை ஓடவிட்டேன். ஒயர் கூடையோடு ஒரு அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி விறுவிறுவென்று வந்தார். வாசலில் நின்ற தொண்டர், "முழங்கால் வலியாம்மா? இதுல உக்காருங்க" என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவும் உட்கார்ந்துவிட்டார். நல்லாத்தானே நடந்து வந்தீங்க என்று கேட்டேன்.

"அன்பா உக்காரச் சொல்றாக. மாட்டேன்னா மொகம் வாடிறாதாப்பா?"

எழுந்தது மட்டும்

நாற்காலி நேரே மேடைக்கு முன்னால் போனது. ஊழியக்காரர் இறங்கி வந்து, "எழுந்து நட" என்று முழங்கினார். அந்த அம்மா நடந்தார். நடக்காமல் என்ன செய்வார்? கூட்டமே அழுதது, அம்மாவும் அழுதார். எல்லாம் தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ அரசியல் மேடை எடுத்திருக்கிறேன், அந்த ஊழியக்காரர் குரல் மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, வீடியோவுல எந்திரிக்கிறது மட்டும் வரட்டும். உக்கார்றது யாருக்கு வேணும்?"

சிரிக்க அல்ல

சில வாரம் கழித்து, பேகம்பூரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு ஸ்டெல்லா வந்தார். இந்த மேடை வித்தைகளைப் பற்றித்தான் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கும் போகிறவர். நாற்காலியில் உட்கார்ந்தது அவருடைய சொந்த அம்மா. எல்லா நோயும் சுகமாகிவிட்டது என்று நம்பி சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். காலில் புண் ஆறவில்லை, இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்கிறார் டாக்டர். மகள் சொல் எடுபடவில்லை. வாசலில் எடுத்ததைக் கொடுத்தேன். இனி அந்தப் பக்கம் எனக்கு ஆர்டர் வராது.

அவர் படத்தை நானே எடிட் செய்தபோது, நாற்காலி வரும் இடத்துக்கு ஒரு கோமாளி மியூசிக்கைச் சேர்த்தேன். உடனே அதை நீக்கச் சொல்லிவிட்டார் ஸ்டெல்லா. இவ்வளவு கோபத்திலும் இவ்வளவு நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை.

"அழுதவுக எல்லாம் நெசமாத்தான் அழுதாகண்ணே. அவுகளப் பாத்துச் சிரிக்கவா நான் படம் எடுக்கேன்?"

முதல் காட்சி

படத்தை முதலில் அம்மாவுக்குத்தான் போட்டார். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி, தான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பதை அவர் பார்த்தார். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். ஸ்டெல்லா போட்டார். கையில் கேமரா இல்லாததால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் சுவரோரம் நின்றேன். கடைசியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"என் காலு போச்சுன்னா ஏசப்பாவுக்குல்ல கெட்ட பேரு. அந்த மாத்திரைய எடு."

இத்தனை வருடத்தில் என் கேமராவில் விழுந்த ஒரே அற்புதம், ஒரு அம்மா ஒயர் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்ததுதான்.