நாலு, கூட்டத்தின் வேலை

பதினோராயிரம் பேர் ஒரே மூச்சில் ‘நாலு’ என்று கத்தினார்கள். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தவருக்கு அப்போது இருபத்தாறு வயது. இப்போது நாற்பத்தொன்று. ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், படுக்கை விரிப்பு துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே அவர் ‘மெஷின்காரர்’. பழைய பட்டப்பெயர், மூணு.

கைதவறி வந்த பெயர் அது. கல்லூரி கேண்டீனில் முதல் கச்சேரி. பாட்டைத் தொடங்க நாலு வரை எண்ண வேண்டும். மூணு சொன்னதும் குச்சி வழுக்கிப் பறந்து, முன்வரிசையில் ஒருத்தியின் டீக் கோப்பையில் விழுந்தது. இவர் திருதிருவென்று விழித்தார். அவள் குச்சியைத் தூக்கிக் காட்டி, “நாலு” என்றாள். பாட்டு பிடித்துக்கொண்டது. அதன்பின் எந்த மேடையிலும் இவர் மூணோடு நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கூட்டம் சொல்லும்.

மூன்று பேர் குழு. பாடகர், பேஸ் கிடார்காரர், இவர். ரேடியோ சீந்தாத ராக் பாட்டுகள்: தவறவிட்ட பஸ், வாடகை அறை, பதில் வராத போன். பாதியில் எழுந்து போனவர்கள் போக, மிஞ்சியவர்கள் அடுத்த முறை நண்பர்களை இழுத்து வந்தார்கள். பாடகரும் இவரும் சும்மா மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாடகர் இவருடைய அக்காவைக் கட்டியதும் நிஜ மச்சானே ஆனார்கள்.

வினை அந்த நாலில்தான் இருந்தது. ஜனம் பாட்டுக்கு நடுவே அரட்டை அடித்தது. எண்ணிக்கைக்கு மட்டும் காதைத் தீட்டியது. “நாம பாட்டு பாடுறோமா, வாய்ப்பாடு சொல்லித் தர்றோமா?” என்று பாடகர் புலம்பினார். ஒரு கச்சேரியில், கூட்டம் வாய் திறக்குமுன் அவரே மைக்கில் நாலு சொல்லிவிட்டார். அரங்கம் ஊளையிட்டது. பிறகு உடை மாற்றும் அறையில், ஷூ கயிற்றை அவிழ்த்தபடி, “இனிமே எண்ணுறதுக்கு மெஷின் வெச்சுக்கலாம்” என்றார்.

மூணு தன் குச்சிகளை உறையில் போட்டார். பேஸ்காரர் யார் பக்கமும் சேராமல் கிடாரை விற்றார். குழு முடிந்தது. அக்கா வீட்டுக்குப் போவதும் நின்றது. கணவர் வெளியே போன நேரம் பார்த்து அக்கா போன் செய்வாள்.

மூணு தனியாகவே இருக்கிறார். ஒரு தட்டு, ஒரு தம்ளர், கட்டிலடியில் டிரம்ஸ். வேலையிடத்தில் பெரிய இயந்திரம் சுழலத் தொடங்குமுன் மூன்று முறை தட்டும். ஒரு கணம் நிற்கும். அந்த இடைவெளியில் கை வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் பாடகரே அழைத்தார். குழு திரும்ப மேடையேறுகிறது என்றார். மூணு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“டிரம்ஸுக்குத் தோல் மாத்தணும் மச்சான். ஒரு வாரம் குடு.”

பாடகர் குரலைத் தாழ்த்தினார்.

“வாசிக்க வேற ஆளு போட்டாச்சுடா. பழைய ரெக்கார்டுல மூணு வரைக்கும் எண்ணுவியே, அந்தக் குரல் மட்டும் வேணும். போட்டுக்கவா?”

“நாலு?”

“அது ஜனங்க சொல்லுவாங்க.”

“சரி, போட்டுக்கோ.”

அக்கா போனை வாங்கி, கேட்கவாவது வருவாயா என்றாள். ஷிப்ட் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

நிகழ்ச்சி வரும் சனிக்கிழமை. அன்று அவருக்கு மாலை ஷிப்ட். மாற்றித் தரும்படி அவர் யாரையும் கேட்கவில்லை.