ஓடினால் எடை கூடும்

ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஓட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது கால்வாசி வேலைதான். மிச்ச முக்கால்வாசி, தராசைப் பற்றி வருகிற புகார்களுக்குப் பதில் சொல்வது.

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பயிற்சி கொடுக்கிறேன். விடிகாலையில் பூங்காவில் கூடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர்கள். அவர்களைச் சில மாதங்களில் அரை மாரத்தான் ஓடுகிற அளவுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. இதே தொழிலில் இருப்பவர்களே, ஆசையாய் ஓட ஆரம்பித்துவிட்டுத் தராசில் ஏறிப் பேயைப் பார்த்த மாதிரி இறங்கியவர்களே, பக்கத்தில் வந்து உட்காருங்கள். நமக்கெல்லாம் ஒரே வியாதி.

முதல் மாதம்

கமலாக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாதம் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. மழை பெய்தாலும் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மாதக் கடைசியில், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தராசில் ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது. இறங்கி, காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். பிறகு கைக்கடிகாரம், பிறகு மூக்குக் கண்ணாடி. கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார். அதே இரண்டு கிலோதான்.

எல்லாருக்கும் சொல்கிற விளக்கத்தை அவருக்கும் சொன்னேன். பழக்கமில்லாத உடம்பை ஓட வைத்தால் சதை நோகும். நோகிற சதை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்துக்கு வேண்டிய சத்தையும் சதைக்குள்ளேயே சேர்த்து வைக்கும், அதோடும் தண்ணீர் போய்ச் சேரும். இது கொழுப்பு இல்லை, கொஞ்ச நாளில் இறங்கிவிடும், பசியை மட்டும் கட்டுப்படுத்துங்கள் என்றேன். கமலாக்கா முழுதாகக் கேட்டுக்கொண்டு, காலணியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அப்போ நான் வீட்லயே உட்கார்ந்து நாடகம் பார்த்திருந்தா இந்நேரம் மெலிஞ்சிருப்பேன், அப்படித்தானே கோச்?"

பொருந்தாத ஒன்று

கமலாக்காவுக்கு எடை ஒரு பொழுதுபோக்கு. குணாவுக்கு அப்படி இல்லை. பக்கத்து ஊரான பாலோவிலிருந்து வருகிறவர், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சேர வருகிறவர்களிடம் ஏன் ஓட வேண்டும் என்று கேட்பது என் வழக்கம். கல்யாணப் புடவை, ஃபேஸ்புக் படம், மச்சானோடு போட்டி என்று எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். குணா தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்கா வசந்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. சில வருஷமாக டயாலிசிஸில்தான் காலம் ஓடுகிறது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் குணாவை வளர்த்ததே அக்காதான். ஒரு கிட்னியை நான் தருகிறேன் என்று குணா முன்வந்தார். ரத்தம் பார்த்தார்கள், அதையும் இதையும் பார்த்தார்கள். கடைசியில் கோலாலம்பூரில் டாக்டர், இந்த எடையோடு உங்களை மேஜையில் படுக்கவைக்க மாட்டேன், ஒன்பது கிலோ குறைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதையெல்லாம் குணா ஏதோ லைசன்ஸ் புதுப்பிக்கிற விஷயம் மாதிரி சொன்னார். நான்தான் சேர்க்கைப் படிவத்தில் அவர் பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டேன். அதைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்: "எல்லாம் பொருந்திருச்சு கோச், என் தொப்பை மட்டும்தான் பொருந்தல."

தராசுக்கு என்ன தெரியும்

குணா சொன்னபடி கேட்கிற ஆள். மெதுவாக ஓடுங்கள் என்றால் மெதுவாக ஓடுவார். நடங்கள் என்றால் நடப்பார். வேலை முடிந்து வந்தும் பாமாயில் தோட்டத்துப் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய் வருவார். முதல் மாதம் முடிந்தது. மூன்று கிலோ கூடியிருந்தார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் கதையைச் சொல்லி அனுப்பியிருப்பேன். இவரிடமும் அதையே சொன்னேன், ஆனால் சிரிக்க முடியவில்லை. பதற்றப்படாதீர்கள், உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், தண்ணீர்தான் அதை மறைக்கிறது என்று இல்லாத தைரியத்தோடு சொன்னேன். குணா கோபப்படவில்லை, தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் நடந்துபோனவர் திரும்பி வந்து கேட்டார்: "நீங்க சொல்றது சரிதான் கோச், ஆனா ஆஸ்பத்திரித் தராசுக்குத் தண்ணி எது, கொழுப்பு எதுன்னு தெரியுமா?"

சீனி மட்டும்

இரண்டாம் மாதம் கமலாக்காவும் இறங்கவில்லை, குணாவும் இறங்கவில்லை. தண்ணீரின் மேல் இனிமேல் பழி போட முடியாது. வாய் வழியாகத்தான் ஏதோ போகிறது என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். என் மாணவர்கள் மொத்தப் பேரும் அங்கே இருந்தார்கள். மேஜை நிறைய தே தாரேக், கட்டிப் பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய தேநீர். காலையில் எரித்ததை அரை மணி நேரத்தில் வட்டியோடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் தட்டை நாளிதழால் மூடினார். நாளிதழுக்கு அடியிலிருந்து குழம்பு வழிந்தது.

குணாவின் முன்னால் மட்டும் சீனி போடாத தேநீர் இருந்தது. அவர் பக்கத்தில் தட்டே இல்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது. இங்கே சாப்பிடாத மனிதருக்கு எங்கே ஏறுகிறது? அந்தக் குழப்பத்தை எல்லாம் கமலாக்காவின் மேல் கொட்டினேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயை மென்று விழுங்கிவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "கறிக்குழம்பைத் தொடவே இல்ல கோச், நீங்க திட்டுவீங்கன்னு சீனி மட்டும்தான் தொட்டுக்கிட்டேன்."

தெம்பு

விடை பாலோவில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை குணாவின் மோட்டார் சைக்கிள் பழுதாகிவிட, நானே காரில் கொண்டுபோய் விட்டேன். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ஆளாளுக்குக் கை காட்டினார்கள். அக்காவுக்குக் கிட்னி கொடுக்கப் போகிற தம்பி என்று ஊருக்கே தெரியும். தெரிந்தால் சும்மா இருப்பார்களா? மளிகைக் கடைக்காரர் காரை நிறுத்தச் சொல்லி ஒரு தூக்குச்சட்டியை ஜன்னல் வழியாக உள்ளே வைத்தார். அதில் ஆட்டுக்கால் சூப். இது வாராவாரம் வருகிறதாம். தொழிற்சாலையில் மலாய் நண்பர் ஒருவர் கம்பத்து நாட்டுக்கோழி முட்டையும் தேனும் கொண்டுவந்து கண்ணெதிரே குடிக்க வைக்கிறாராம். எதிர்வீட்டுச் சீனக் கிழவி கறுப்புக் கோழியில் மருந்து வேர் போட்டு வேகவைத்துக் கொடுக்கிறாராம். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது என்றார் குணா.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. காரை விட்டு இறங்கினேன். இவர் மெலிந்தால்தான் ஆபரேஷன், நீங்கள் கொடுக்கிற சூப்பால் ஆபரேஷனே நடக்காது என்று கடைக்காரரிடம் விளக்கினேன். அவர் கடையில் சாமான் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்: "என்னம்மா பேசறீங்க, ரெண்டுல ஒண்ணு போயிட்டா மிச்சம் இருக்கறது தனியாளா கிடந்து வேலை செய்யணும், அதுக்குத் தெம்பு வேணாமா?"

அக்காவின் கை

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குள் போன பிறகுதான் ஊர் கொடுத்ததெல்லாம் வெறும் தொடுகறிதான் என்று தெரிந்தது. வசந்தி அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டு முடிச்சு விழுந்த கை. அந்தக் கையால் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக்கறி கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கீரை, வாழைக்காய் வறுவல், நெத்திலிச் சம்பல். அவர் எதையும் தொடக்கூடாது. உப்பு ஆகாது, தேங்காய் ஆகாது, கீரையும் வாழைக்காயும் ஆகவே ஆகாது. தண்ணீரைக்கூட ஒரு சின்னக் குவளையில் அளந்துதான் குடிக்கிறார். எல்லாம் தம்பிக்கு. தினமும் தம்பிக்கு.

கடைக்காரரிடம் எரிந்து விழுந்துவிட்டு வந்தவள் நான். அந்தக் கையைப் பார்த்த பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது கிலோ இறங்க வேண்டிய இடத்தில் மூன்று ஏறியிருக்கிறது, டாக்டர் சொன்ன கெடுவில் பாதி போகப் போகிறது என்றேன். குணா அக்காவிடம் இதைச் சொல்லவே இல்லை. வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பை அணைத்தார். "அவன் உடம்புலருந்து ஒண்ணு வாங்கிக்கப் போறேம்மா. வாங்கறதுக்கு முன்னால என் கையால நாலு வாய் போடாம எப்படி இருக்கறது?" என்றார்.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் தண்ணீர்க் கதையை எடுத்தேன். ஏறியது எல்லாமே சாப்பாடு இல்லை, ஓட ஆரம்பித்தால் தண்ணீரும் சேரும் என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். டயாலிசிஸுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் முதலில் தராசில் ஏற்றி, உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அவருக்கு மெஷினையே போடுவார்கள். கறிச்சட்டியை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எனக்கு ஏறினா அது தண்ணி. அவனுக்கு ஏறினது என் கை."

உப்பில்லாத வீடு

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கெடுபிடி தொடங்கியது. வசந்தி அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சூப் வந்தால் திருப்பி அனுப்பினார். எதிர்வீட்டுக் கிழவியிடம் மலாயில் கெஞ்சி, கறுப்புக் கோழியை அவர் பேரனுக்கே கொடுக்கச் சொன்னார். மளிகைக் கடைக்காரரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, அதன்பிறகு அவர் என் காரைக் கண்டாலே கடைக்குள் போய்விடுவார். குணாவுக்கு எடை இறங்க ஆரம்பித்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் என் சந்தோஷத்துக்கு என்றைக்கு ஆயுசு இருந்திருக்கிறது?

ஒரு காலை, நீண்ட ஓட்டத்தின் நடுவில் குணாவுக்கு இரண்டு காலும் பிடித்துக்கொண்டது. புல்லில் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கியபடி அலமாக் அலமாக் என்று மலாயில் ஐயோ சொல்லி முனகினார். விசாரித்தால், அக்கா தனியாகத் தம்பிக்குச் சமைப்பதை விட்டுவிட்டாராம். தனக்குச் சமைப்பதையே வீடு முழுக்கப் பரிமாறுகிறாராம். உப்பு கிடையாது, தண்ணீரும் அதே சின்னக் குவளையில்தான். ஜொகூர் வெயிலில் வேர்த்துக் கொட்டுகிற மனிதருக்கு நோயாளிச் சாப்பாடு! இது நல்லதுக்கில்லை என்று மறுபடி பாலோவுக்கு ஓடினேன். உப்பையும் தண்ணீரையும் குணாவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மன்றாடினேன். அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "போடாதீங்கன்னு சொன்னதும் நீங்கதான், போடுங்கன்னு சொல்றதும் நீங்கதான், உங்க வீட்ல யாரும்மா சமைக்கிறது?"

கோலாலம்பூர்த் தராசு

கெடு முடிகிற நாள் வந்தது. குணாவும் அக்காவும் விடிவதற்கு முன்பே ரயிலேறினார்கள். பயிற்சிக்கு நான் கொண்டுவருகிற தராசில் குணா டாக்டர் கேட்ட எடைக்குச் சரியாக வந்து நின்றிருந்தார். ஆனால் தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும், ஒரு கிலோ கூடக் காட்டினாலும் மறுபடி எத்தனை மாதமோ. அக்காவால் அத்தனை மாதம் தாங்க முடியுமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்று பயிற்சிக்கு வந்தவர்கள் யாரும் ஓடவில்லை. கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தோம். கமலாக்கா மட்டும் முருகனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டு பூங்காவை நடந்தே சுற்றினார். நான் கேட்டால் சுற்ற மாட்டார், முருகன் கேட்டால் சுற்றுவார்.

உச்சி வெயிலில் அழைப்பு வந்தது. குணா பேசினார். எடை சரியாக இருக்கிறது, ரத்த அழுத்தம்கூட முன்னைக்கு நன்றாக இருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. நான் அழுதேன், கமலாக்கா அழுதார், மச்சானோடு போட்டி போட வந்தவரும் அழுதார். அக்காவிடம் கொடுங்கள் என்றேன். கைப்பேசி கை மாறுகிற சத்தம் கேட்டது. பின்னால் தட்டும் கரண்டியும் இடிபடுகிற ஓசை. ஆஸ்பத்திரிக் கேண்டீனில் இருக்கிறார்கள் என்று புரிந்துபோயிற்று. வசந்தி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார்: "பாஸாயிட்டாம்மா. புள்ளை வெறும் வயித்தோட நிக்கிறான், இங்க பிரியாணி போட்டிருக்காங்க, ஒரே ஒரு தட்டு வாங்கிக் குடுக்கட்டுமா?"

ஆளை ஓட வைக்க என்னால் முடியும். ஓடி வந்தவருக்குச் சோறு போடாமல் ஒரு வீட்டைச் சும்மா இருக்க வைக்கிற கோச் இன்னும் இந்த ஜொகூரில் பிறக்கவில்லை.