டேங்கில் ஊற்றிய பினாயில்

அன்வர் அண்ணே, நீ ஓட்டிய லேத்தில் இப்போது நான் நிற்கிறேன். நேற்றுதான் டேங்கைக் கழுவினேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் பூட்டுக்கு உருப்படி கடையும் பட்டறை. அண்ணன் லேத்தில், நான் பக்கத்து டிரில்லிங் மிஷினில். இரும்பு சூடாகாமல் இருக்க, எண்ணெயும் தண்ணீரும் கலந்த கூலன்ட் பால் மாதிரி அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மிஷினுக்கு அடியில் இருக்கும் டேங்குக்குப் போய் அதுவே திரும்ப வரும். குறைந்தால் மேலே ஊற்றுவோம். காலி செய்து கழுவும் வழக்கமே கிடையாது. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பினாயில் ஊற்றுவது என் வேலை. நாற்றம் போய்விடும். சுத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு இருமல் வந்தது.

"ஏலே அன்வரு, பீடிய விட்டுத் தொலைடா," என்றார் ஓனர்.

"நான் எங்க மொதலாளி பீடி குடிச்சேன்? ஒங்க லேத்துதான் நாள் முச்சூடும் புகை விடுது," என்று அண்ணன் சிரித்தான்.

சளி டெஸ்டில் டிபி இல்லை. ஆஸ்துமா மருந்து கேட்கவில்லை. பெருநாளுக்கு ஒரு வாரம் வீட்டில் இருந்தபோது அண்ணன் இருமவே இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்றே, பொழுது சாயும்போது நடுக்கிக் காய்ச்சல். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்க என்னத்த சுவாசிக்கிறீங்க?"

கூலன்டையும் பினாயிலையும் சொன்னேன்.

"டிபி கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிங்க தண்ணியில இருக்குப்பா. மெழுகு மாதிரி தோலு. பினாயில் ஊத்துனா நாத்தம் புடிச்ச கிருமி சாகும். இது தாங்கிக்கிட்டு, காலியான எடத்துல பெருகும். மிஷின் சாரலோட நெஞ்சுக்குள்ள போகும்."

"அப்ப டிபி மாதிரி ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. செத்த கிருமி உள்ள போனாக்கூட ஒடம்பு எதிரின்னு சண்டை போடும், அலர்ஜி மாதிரி. அந்தச் சண்டையில புண்ணாகுறது நுரையீரல். இதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் இனி போகக்கூடாது."

"அதே சாரல்லதான் நானும் நிக்கிறேன். எனக்கு ஏன் வரல?"

"ஒரே கத்திரிக்கா வெஞ்சனத்தத் தின்னு ஒருத்தருக்கு மட்டும் அரிக்குதுல்ல? அப்படித்தான்."

அண்ணன் ஒரு மாதம் போகவில்லை. ஆர்டர் அவசரம் என்று ஓனர் கூப்பிட்டார். "செத்த நேரம் நின்னுட்டு வாரேன்" என்று கிளம்பினான். அந்தச் செத்த நேரம் ஒரு வருஷம் ஆனது.

டேங்கைக் கழுவச் சொல்லி நான் ஓனரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பழக்கத்தில் பினாயிலையே ஊற்றினேன். "நாத்தமே இல்லடா, நல்லாத்தான இருக்கு," என்பான் அண்ணன். கடைசியில் நுரையீரல் தழும்பேறிவிட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பேச முடியவில்லை.

நாற்றம் இல்லாததால் டேங்க் சுத்தம் என்று நம்பாதீர்கள். காலி செய்யுங்கள், தேய்த்துக் கழுவுங்கள். லீவில் இருமல் நின்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னதைக் கேளுங்கள்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, என் அண்ணன் அன்வருக்காக ஒரு துஆ கேளுங்கள். அவன் அடங்கியிருக்கும் கபுரை அல்லாஹ் விசாலமாக்கட்டும். மூச்சு முட்டியே போனவன் அவன்.