சட்டைப்பையில் இன்னொருவர் பெயர்

கீழ்வீட்டு அங்கிளிடம் ஒரு நீல மெக்கானிக் சட்டை இருந்தது. பையின் மேல் சிவப்பு நூலில் தைத்திருந்த பெயர் அவருடையதல்ல. கலிபோர்னியாவின் மில்பிடாஸில் குடியேறிய புதிதில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டேன். ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி கையசைப்பாரே தவிர, ஒரு மாதம் வரை திருத்தவில்லை. பிறகுதான், அது டிவி தொடர் ஒன்றுக்காகக் கொடுத்த சட்டை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சின்ன வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் வெகுகாலம் துண்டு வேடங்களில் நடித்திருக்கிறார். தோட்டக்காரன், கார் திருடன், போதைமருந்துக் கும்பலின் அடியாள். முதல் பத்து நிமிடத்துக்குள் அவரைச் சுட்டுவிடுவார்களாம். நிஜத்தில் செடியில் இருக்கிற புழுவைக்கூட இலையோடு எடுத்து வெளியே விடுகிற மனிதர். ஒரே ஒரு முறை நல்ல வேடம் கிடைத்தது என்றார். விபத்தில் அடிபட்ட மகனுக்காக ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கெஞ்சுகிற மெக்கானிக். அந்தத் தொடர் தமிழிலும் வந்திருக்கிறது என்றேன். அதற்குத் தமிழ் வசனம் எழுதியவள் நான். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். அங்கே யாரும் சொல்லிக் கொடுக்காத வழக்கம் ஒன்று உண்டு. கோட்டு போட்டவர் நல்ல தமிழ் பேசுவார். அங்கிள் மாதிரி முகம் வந்தால் மெட்ராஸ் பாஷை. முகத்தைப் பார்த்ததும் கை தானாக எழுதும். இத்தனைக்கும் நான் பிறந்தது அதே பாஷை பேசும் காசிமேட்டில். கல்லூரியில் சிரித்தார்கள் என்பதற்காக ஒரே வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டவள்.

தான் தமிழ் பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும் என்று அங்கிள் பிடிவாதம் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்தார். திரையில் அவர், முடியெல்லாம் கறுப்பாக, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா டாக்டரே, என் புள்ள பொயச்சுக்குவானா?"

என் கணவர் பக்கென்று சிரித்துவிட்டார். "செம்ம காமெடி! லோக்கல் ரவுடி மாதிரியே இருக்கு."

அங்கிள் திரையை விட்டு அவரைப் பார்த்தார். அழ வேண்டிய இடத்தில் ஏன் சிரிக்கிறார் என்று என்னிடம் கேட்டார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எழுதியது நான்தான் என்றேன். எங்கள் படங்களில் ரவுடிக்கும் குடிகாரனுக்கும் இந்தப் பேச்சைக் கொடுத்துப் பழகிவிட்டோம் என்றேன். அவமானமாக இருந்தது. நிஜத்தில் யாராவது இப்படிப் பேசுவார்களா என்றார் அங்கிள்.

"எங்கப்பா."

மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர் என் அப்பா. எனக்கு டைபாய்டு வந்தபோது ஏறக்குறைய இதே வார்த்தைகளோடு டாக்டர் பின்னால் ஓடினார். பக்கத்தில் நின்ற ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கட்டிலில் கிடந்த எனக்குத் தெரிந்தது.

அங்கிள் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். இந்த முறை என் கணவர் சிரிக்கவில்லை. நடிப்பு ஒன்றும் மோசமில்லை என்று மட்டும் சொல்லி, டீயை முடித்துவிட்டு அங்கிள் கீழே இறங்கிப் போனார்.

போன வருடம் அவர் மகளோடு டெக்சாஸில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்குப் போய்விட்டார். போகும்போது அந்தச் சட்டையை என்னிடம் கொடுத்தார். நான் இப்போது வீட்டிலிருந்தே வசனம் எழுதுகிறேன். சென்ற வாரம் ஒரு தொடரில், கோட்டு போட்ட பெரிய டாக்டருக்கு அப்பாவின் பேச்சைக் கொடுத்தேன். ஸ்டுடியோவிலிருந்து உடனே போன்.

"டாக்டர் போய் இப்டி பேசுவாரா மேடம்? ஆடியன்ஸ் சிரிப்பாங்க."

"எங்கப்பா இப்டிதான் பேசுவாரு சார். நான் மாத்த மாட்டேன், இன்னான்றீங்க இப்போ?"

பல வருடத்துக்குப் பிறகு என் பழைய குரல் வெளியே வந்தது. அங்கிளின் சட்டை நாற்காலி முதுகில் கிடந்தது. கொடுக்கும் முன்பே அந்தப் பெயரை அவர் பிரித்து எடுத்திருந்தார். மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போக, பெயர் இருந்த இடம் மட்டும் இன்னும் நல்ல நீலம்.